ஆயுட்காலச் செலவு போடுவது எப்படி? ஏசியும் சாலையும் ஒரே தாளில்

கையில் இரண்டு கொட்டேஷன். ஒன்றில் விலை குறைவு, மின்சாரம் அதிகம். இன்னொன்றில் விலை அதிகம், மின்சாரம் குறைவு. எதை எடுப்பது என்று கேட்டால், ‘கூடுதலாகப் போட்ட பணம் எத்தனை வருஷத்தில் திரும்பும்’ என்ற ஒரே கேள்வியோடு பெரும்பாலானவர்கள் முடித்துக்கொள்கிறார்கள். பணம் திரும்பிய பிறகு என்ன நடக்கிறது, நடுவில் எதை மாற்ற வேண்டியிருக்கும், பத்து வருஷம் கழித்து வரும் சேமிப்புக்கு இன்று என்ன மதிப்பு என்பதெல்லாம் அந்தக் கேள்விக்குள் வராது. அதற்குத்தான் ஆயுட்காலச் செலவுக் கணக்கு: வாங்குவது, ஓட்டுவது, பழுது பார்ப்பது, மாற்றுவது, கடைசியில் கழித்துக்கட்டுவது எல்லாவற்றையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கூட்டுவது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆயுட்காலச் செலவு வேறு, ஆயுட்கால மதிப்பீடு வேறு. பின்னது ஒரு பொருள் பிறந்தது முதல் அழிவது வரை வெளியிடும் கரியமிலவாயு, எடுத்துக்கொள்ளும் தண்ணீர் போன்றவற்றின் கணக்கு. ஐஎஸ்ஓ 14040 அதற்கான தரநிலை. பணக்கணக்குக்கு, கட்டடங்களைப் பொறுத்தவரை, ஐஎஸ்ஓ 15686-5. இரண்டையும் ஒரே தாளில் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எந்த மென்பொருள்?

சாதாரண விரிதாள் போதும். எக்செல், லிப்ரே ஆபிஸ் கால்க், எதுவானாலும் சரி. அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான என்ஐஎஸ்டி கட்டடங்களுக்காகப் பிஎல்சிசி என்ற மென்பொருளை வெளியிட்டது. அந்நாட்டின் நெடுஞ்சாலைத் துறையிடம் சாலைகளுக்கான ரியல்காஸ்ட் இருக்கிறது. பெரிய சாலைத் திட்டங்களில் உலக வங்கி வழிவந்த எச்டிஎம்-4 என்ற மென்பொருள் ஓடும். எல்லாம் நல்லவைதான். ஆனால் முதல் கணக்கை அவற்றில் போடாதீர்கள். எண்ணைக் கொடுத்தால் பதில் வரும், நடுவில் என்ன நடந்தது என்று தெரியாது. ஒரு முறை கையால் ஆண்டு ஆண்டாகப் போட்டுப் பார்த்தவர்கள்தான் அந்த மென்பொருள்கள் கேட்கும் கேள்விகளுக்குச் சரியான பதில் கொடுக்க முடியும்.

படி 1: ஒரே வேலையைச் செய்யும் இரண்டை ஒப்பிடுங்கள்

ஒரே அறையைக் குளிர்விக்கும் இரண்டு ஏசி, ஒரே போக்குவரத்தைத் தாங்கும் இரண்டு சாலை. இரண்டிலும் சமமாக வரும் செலவை விட்டுவிடலாம். இரண்டு ஏசிக்கும் ஒரே ஸ்டாண்டு, ஒரே வயரிங் என்றால் அந்த வரியே தாளில் தேவையில்லை.

படி 2: முதலில் யூனிட், பிறகு பணம்

நேரடியாகப் பணத்துக்குத் தாவினால் பிழை எங்கே என்று தேடவே முடியாது. ஒரு எடுத்துக்காட்டு எடுத்துக்கொள்வோம். அறைக்குத் தேவைப்படும் குளிர்விப்பு 3.6 கிலோவாட். ஏசி ஆண்டுக்கு 1,000 மணி நேரம் முழுச் சுமையில் ஓடுவதற்குச் சமமாக வேலை செய்கிறது. ஆக, ஆண்டுக்கு 3,600 கிலோவாட் மணி, அதாவது 3,600 யூனிட், வெப்பத்தை வெளியேற்ற வேண்டும்.

‘அ’ ஏசி ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 3 யூனிட் வெப்பத்தை வெளியேற்றும். செலவு 3,600 ÷ 3 = 1,200 யூனிட். ‘ஆ’ ஏசி 4.5 யூனிட் வெளியேற்றும். செலவு 800 யூனிட். ஆண்டுக்கு 400 யூனிட் மிச்சம்.

எந்த நாணயத்துக்கும் பொருந்த வேண்டும் என்பதால் ஒரு யூனிட் மின்சாரத்தின் விலையை 1 என்று வைத்துக்கொள்கிறேன். ‘அ’ விலை 4,000, ‘ஆ’ விலை 7,000, இரண்டும் 10 வருஷம் உழைக்கும் என்போம். கூடுதல் முதலீடு 3,000, ஆண்டுச் சேமிப்பு 400; பணம் ஏழரை வருஷத்தில் திரும்பும். இந்த இடத்திலேயே பலர் ‘ஆ’ வேண்டாம் என்று எழுந்துவிடுவார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. சேமிப்புச் சதவீதங்களைக் கூட்டாதீர்கள். கூரைக்கு வெப்பத்தடுப்பு போட்டால் குளிர்விப்புத் தேவை 30 சதவீதம் குறைகிறது, நல்ல ஏசி வாங்கினால் மின்சாரம் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்றால் மொத்தம் 63 சதவீதம் அல்ல. மீதமுள்ள 70 சதவீதத்தில்தான் மூன்றில் ஒரு பங்கு போகும். மொத்தக் குறைவு ஏறக்குறைய 53 சதவீதம். அதனால் கூரையை முதலில் கணக்கில் எடுங்கள், ஏசியைப் பிறகு பாருங்கள். கூரைக்குப் பிறகு சின்ன ஏசியே போதும் என்று ஆனால் அதன் விலைக் குறைவும் கூரையின் கணக்கில்தான் வரவு.

படி 3: ஆண்டுகளை வரிசையாகப் போடுங்கள்

இடது ஓரத்தில் 0 முதல் 10 வரை ஆண்டுகள். 0 என்பது இன்று. வாங்கும் விலை 0-வில், மின்கட்டணம் 1 முதல் 10 வரை ஒவ்வொன்றிலும். பழுது வந்தால் அது வரும் ஆண்டில். ஒரு ஆண்டின் செலவெல்லாம் அந்த ஆண்டின் கடைசி நாளில் நடப்பதாக வைத்துக்கொள்வது மரபு. இது சுலபமான படி, மேலே போவோம்.

படி 4: வட்டியா, விலைவாசி கழித்த வட்டியா?

என்னை அதிக நேரம் உட்கார வைத்த படி இதுதான். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பத்து வருஷம் கழித்து வரும் 400-ஐ இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர ஒரு வீதத்தால் குறைக்க வேண்டும். தொகை ÷ (1 + வீதம்)ன் ஆண்டு அடுக்கு. சூத்திரம் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. எந்த வீதம் என்பதுதான் கேள்வி. உங்கள் கடனுக்கு வட்டி 9 சதவீதம் என்றால் 9 போடத் தோன்றும்.

ஆனால் தாளைப் பாருங்கள். மின்கட்டணம் பத்து வருஷமும் அதே 1,200, அதே 800 என்று எழுதியிருக்கிறோம். அதாவது விலைவாசி ஏறவே ஏறாது என்று வைத்திருக்கிறோம். 9 சதவீத வட்டியோ விலைவாசி ஏற்றத்தையும் உள்ளடக்கியது; கடன் கொடுப்பவர் அதையும் சேர்த்துத்தான் கேட்கிறார். செலவில் விலைவாசியை விட்டுவிட்டு வட்டியில் மட்டும் சேர்த்தால் எதிர்காலச் சேமிப்பு அநியாயத்துக்குச் சுருங்கிவிடும்.

வழி இரண்டு. ஒன்று, ஒவ்வொரு ஆண்டின் செலவையும் விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தி எழுதி 9 சதவீதத்தால் குறைப்பது. இரண்டு, செலவை இன்றைய விலையிலேயே விட்டுவிட்டு, விலைவாசி கழித்த வட்டியால் குறைப்பது. விலைவாசி ஏற்றம் 5 சதவீதம் என்றால் அந்த வீதம் 1.09 ÷ 1.05 − 1, அதாவது 3.81 சதவீதம். 9-லிருந்து 5-ஐக் கழித்து 4 என்று போடுவது மனக்கணக்குக்குச் சரி, தாளில் வகுத்துப் போடுங்கள். இரண்டு வழியிலும் ஒரே விடைதான் வரும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். எழுதிய எண்கள் இன்றைய விலையில் இருப்பதால் பார்த்தவுடன் தப்பு தெரியும்.

இப்போது வித்தியாசத்தைப் பாருங்கள். 3.81 சதவீதத்தில் பத்து வருஷத்துக்கு ஆண்டுதோறும் 1 வந்தால் அதன் மொத்த இன்றைய மதிப்பு 8.19 (துல்லியமாக 8.188). இந்த எண்ணைக் காரணி என்போம். சேமிப்பு 400 × 8.188 = 3,275. கூடுதல் முதலீடு 3,000 போக 275 லாபம். 9 சதவீதத்தை அப்படியே போட்டிருந்தால் அதே காரணி 6.42. சேமிப்பு 2,567, அதாவது 433 நஷ்டம். ஏசியும் மின்சாரமும் மாறவில்லை, தீர்ப்பு மட்டும் தலைகீழ். மின்சிக்கனத் திட்டங்கள் ‘கட்டுப்படியாகாது’ என்று ஓரம்கட்டப்படும்போது நான் முதலில் திறந்து பார்ப்பது இந்தக் கட்டத்தைத்தான்.

படி 5: என்பிவி சார்பின் சேட்டை

விரிதாளில் இன்றைய மதிப்புக்கு என்பிவி என்று ஒரு சார்பு (ஃபங்ஷன்) இருக்கிறது. நீங்கள் கொடுக்கும் முதல் எண்ணையே அது ஓராண்டு முடிவில் வருவதாக எடுத்துக்கொள்ளும். 0-ஆம் ஆண்டையும் உள்ளே இழுத்துக் கொடுத்தால் வாங்கும் விலையும் ஓராண்டு தள்ளிப்போய்க் குறைந்துவிடும். எனவே 1 முதல் 10 வரை மட்டும் சார்புக்குள் கொடுங்கள். 0-ஆம் ஆண்டின் தொகையை வெளியே கூட்டுங்கள்.

எங்கள் எடுத்துக்காட்டில் சரியான மொத்தம் ‘அ’ 13,826, ‘ஆ’ 13,551. ‘அ’வை மட்டும் தவறாக இழுத்தால் 13,319 என்று காட்டி அதுவே மலிவு என்று சொல்லிவிடும். இரண்டையும் தவறாக இழுத்தால் வரிசை மாறாது, அதனால் பிழை கண்ணில் படாமலே போகும். சந்தேகம் இருந்தால் பக்கத்தில் ஒரு பத்தி போட்டு ஆண்டு ஆண்டாக வகுத்துக் கூட்டிப் பாருங்கள். நான் எப்போதும் இரண்டையும் வைத்திருப்பேன்.

படி 6: சாலைக்கு வருவோம்

ஏசியில் இரண்டுக்கும் ஒரே ஆயுள் என்று வைத்துக்கொண்டோம். சாலையில் அது நடக்காது. தார்ச்சாலை முதலில் மலிவு, நடுநடுவே மேல்தளம் போட வேண்டும். கான்கிரீட் சாலை முதலில் கூடுதல், பிறகு பெரிய செலவில்லை. விளக்கத்துக்காக இப்படி வைத்துக்கொள்வோம் (உண்மை விலையல்ல): தார் 100, ஒவ்வொரு 10 வருஷமும் மேல்தளம் 30. கான்கிரீட் 150, ஆயுள் 40 வருஷம், 15-ஆம் வருஷம் இணைப்புப் பழுது 5.

கணக்குக் காலம் இரண்டுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். 30 வருஷம் என்று எடுப்போம். அந்த முடிவில் கான்கிரீட்டுக்கு இன்னும் 10 வருஷ ஆயுள் பாக்கி. அந்த எஞ்சிய மதிப்பை, 150-ல் நாலில் ஒரு பங்கு, அதாவது 37.5-ஐ, 30-ஆம் ஆண்டு வரவாக எழுத வேண்டும். இதை மறந்தால் கான்கிரீட்டுக்கு அநியாயம். தாருக்கும் இதே நியாயம் வேண்டும். 21 வருஷம் என்று காலத்தை முடித்தால், 20-ஆம் வருஷம் போட்ட புத்தம்புது மேல்தளத்தின் முழுச் செலவும் தார் தலையில் விழும், பலன் ஒரே ஒரு வருஷம். காலத்தை எங்கே வெட்டுகிறார்கள் என்று பார்த்தாலே அறிக்கை எழுதியவரின் விருப்பம் பல நேரம் தெரிந்துவிடும்.

விலைவாசி கழித்த வீதம் 4 சதவீதம் என்றால் தார் 134 (மேல்தளம் 10, 20-ஆம் வருஷங்களில் மட்டும்), கான்கிரீட் 141. அதையே 2 சதவீதமாக்கினால் தார் 145, கான்கிரீட் 133. 3 சதவீதத்தில் இரண்டும் ஏறக்குறைய சமம். வீதம் குறையக் குறைய, முதலில் அதிகம் போட்டுப் பிறகு மிச்சம் பிடிக்கும் பக்கம் ஜெயிக்கும். சிக்கன ஏசிக்கும் இதே விதிதான்.

மேல்தளத்துக்கு 10 வருஷம் என்று எழுதினோமே, அது எங்கிருந்து வரும்? லாரிகளிடமிருந்து. அமெரிக்காவின் இல்லினாயில் ஒட்டாவா ஊருக்கு அருகே 1958 முதல் 1960 வரை நடந்த ஆஷோ (அந்நாட்டு மாநில நெடுஞ்சாலை அதிகாரிகள் சங்கம்) சாலைச் சோதனையிலிருந்து கிடைத்த நான்காம் அடுக்கு விதிப்படி, அச்சுச் சுமை இரண்டு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு. 25 சதவீதம் அதிகப் பாரம் ஏற்றினால் 2.4 மடங்கு. கார்களை எண்ணிப் பயனில்லை. கனரக வண்டிகளின் அச்சுகளை எண்ணுங்கள்.

அப்புறம், சாலையில் எரிசக்தி என்றால் தெருவிளக்கு மட்டும் இல்லை. மேடு பள்ளமான சாலையில் சக்கரம் உருளத் தடை அதிகம், எரிபொருள் கூடுதலாகப் போகும். வேலை நடக்கும் நாட்களில் வண்டிகள் நின்று நின்று போவதும் செலவுதான். இவை சாலை போடும் துறையின் செலவு அல்ல, ஓட்டுபவர்களின் செலவு. தனி வரியில் எழுதுங்கள். போக்குவரத்து அதிகமுள்ள சாலையில் இந்த வரி மற்றெல்லாவற்றையும் விழுங்கிவிடும். ஒன்றாகக் கூட்டிவிட்டால் யார் பணம் எங்கே போகிறது என்று தெரியாது.

விளக்கின் கணக்கு படி 2 போலத்தான். அந்தி முதல் விடியல் வரை எரிந்தால் ஆண்டுக்கு 4,000 மணி நேரத்துக்கு மேல். சோடியம் விளக்கு என்றால் அதன் மேல் எழுதிய வாட்டோடு சோக் இழுப்பதையும் சேர்க்க வேண்டும். எல்இடி என்றால் 50,000 மணி நேரம் என்று அட்டையில் இருப்பது பெரும்பாலும் வெளிச்சம் 70 சதவீதமாகக் குறையும் நேரம். அதற்கு முன்பே டிரைவர் (எல்இடிக்கு மின்சாரம் கொடுக்கும் சுற்று) போய்விடலாம். டிரைவர் மாற்றும் செலவுக்கு நடுவில் ஒரு ஆண்டில் இடம் விடுங்கள். அதை ஏணி வண்டி, ஆள் கூலி சேர்த்தே எழுதுங்கள். வெளிறிய கான்கிரீட் பரப்பு கறுத்த தாரைவிட வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், குறைந்த வாட்டில் வேலை நடக்கும் என்பது உண்மை. ஆனால் வருஷம் போகப் போகத் தார் வெளுக்கும், கான்கிரீட் அழுக்காகும். புதுச் சாலையின் எண்ணை 30 வருஷத்துக்கும் போடாதீர்கள்.

படி 7: எண்களை ஆட்டிப் பாருங்கள்

வீதம், ஓடும் நேரம், ஆயுள் மூன்றையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைத்துத் தீர்ப்பு எந்த எண்ணில் மாறுகிறது என்று குறித்துவையுங்கள். ‘வீதம் 3 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கான்கிரீட்’ என்று எழுதுவது, ‘தார் 7 மலிவு’ என்பதைவிட ஆயிரம் மடங்கு பயனுள்ளது.

பின்சேர்க்கை 1: ‘மின்கட்டணம் மற்ற விலைகளைவிட வேகமாக ஏறினால்?’ என்று சிலர் கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி. மற்ற விலைகளைவிட ஆண்டுக்கு 2 சதவீதம் கூடுதலாக ஏறும் என்றால், மின்சார வரிக்கு மட்டும் 1.0381 ÷ 1.02 − 1 = 1.77 சதவீத வீதத்தைப் பயன்படுத்துங்கள். காரணி 8.19-லிருந்து 9.09 ஆகும், ஏசியின் லாபம் 275-லிருந்து 636. பழுதுச் செலவுக்குப் பழைய 3.81-தான். ஒரே தாளில் இரண்டு வீதம் இருக்கும்போது தலைப்பில் பெரிதாக எழுதிவையுங்கள்.

பின்சேர்க்கை 2: ஒரு ஏசிக்கு 10 வருஷம், இன்னொன்றுக்கு 15 வருஷம் ஆயுள் என்றால் 30 வருஷம் வரை மாற்றி மாற்றி வாங்கி எழுத வேண்டாம். ஒவ்வொன்றின் மொத்த இன்றைய மதிப்பையும் அதனதன் ஆயுளுக்கு ஆண்டுத் தவணையாக மாற்றுங்கள், பிஎம்டி சார்பு இதைச் செய்யும். பிறகு இரண்டு தவணைகளை ஒப்பிட்டால் போதும். பிஎம்டி விடையைக் கழித்தல் குறியோடு காட்டும். பயப்பட வேண்டாம், உள்ளே கொடுக்கும் தொகைக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டால் சரியாகிவிடும்.