டிரையாக்சியல் சோதனை: ரப்பர் உறை தாங்கிய பங்கைக் கழிப்பது எப்படி?

ஒரு அளவு சிறிதான திருப்பூர் பனியனைப் போட்டு மூச்சை இழுத்துப் பாருங்கள், துணி நெஞ்சைப் பிடிக்கும். டிரையாக்சியல் என்பது உருளை மண் சாம்பிளைச் சுற்றிலும் அழுத்தம் கொடுத்து, மேலிருந்து அழுத்தி அதன் வலிமையை அளக்கும் சோதனை. அதில் சாம்பிளுக்கு மாட்டும் ரப்பர் மெம்ப்ரேனும் (உறை) அப்படித்தான். அழுத்த அழுத்த மண் பக்கவாட்டில் புடைக்கிறது, உறை அதை இழுத்துப் பிடிக்கிறது. கருவி காட்டும் எண்ணில் அந்தப் பிடியும் கலந்துவிடும்.

1. மெம்ப்ரேன் தேர்வு. 38 மி.மீ. விட்டமுள்ள சாம்பிளுக்கு, இழுக்காத நிலையில் 35 மி.மீ. விட்டமுள்ள உறை சரியாக இருக்கும். தடிமன் சாம்பிள் விட்டத்தில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பவுடரைத் துடைத்துவிட்டு, இரண்டு மடிப்பாக மைக்ரோமீட்டரில் அளந்து பாதியாக்குங்கள். நமக்கு 0.3 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

2. ரப்பரின் விறைப்பு. பலர் தாண்டிப்போகும் இடம் இதுதான். புத்தகத்தில் 1400 கிலோபாஸ்கல் என்று இருக்கும், அதையே போட்டுவிடுவார்கள். வெயிலில் கிடந்து பிசுபிசுத்த உறைக்கும் அதே எண்ணா? அதே உறையிலிருந்து 15 மி.மீ. அகல வளையம் வெட்டி, ஒரு மெல்லிய கம்பியில் மாட்டி, அடியில் இன்னொரு கம்பியைக் கோத்து எடை தொங்கவிடுங்கள். கீழ்க் கம்பியோடு சேர்த்து 100 கிராம் எடைக்கு, 55 மி.மீ. நீள வளையம் 4.3 மி.மீ. நீண்டது என்றால்: விசை 0.98 நியூட்டன், வளையத்துக்கு இரண்டு பக்கம் என்பதால் பரப்பு 2 × 15 × 0.3 = 9 ச.மி.மீ. விசையைப் பரப்பால் வகுத்து, அதை நீட்சி விகிதத்தால் (4.3/55) வகுத்தால் ஏறத்தாழ 1400 கிலோபாஸ்கல். இந்த முறை புத்தகமும் ரப்பரும் ஒத்துப்போகின்றன, சரி.

3. கழிவு. 4 × விறைப்பு × தடிமன் × அச்சுத் திரிபு ÷ விட்டம். அச்சுத் திரிபு என்பது சாம்பிள் உயரத்தில் எத்தனை பங்கு குறைந்தது என்பது. விட்டம் என்பது கன்சாலிடேஷன் (அழுத்தத்தில் நீர் வடிந்து மண் இறுகுவது) முடிந்த பிறகுள்ளது. நம் கணக்கில் அது 38 தான் என்று கொள்வோம். 15 சதவீதத் திரிபில்:
4 × 1400 × 0.3 × 0.15 ÷ 38 = 6.6 கிலோபாஸ்கல்.

பரப்புத் திருத்தத்தை (சாம்பிள் புடைத்து அகலமானதைக் கணக்கில் எடுப்பது) முதலில் முடித்து டீவியேட்டர் ஸ்ட்ரெஸ்ஸை (சுற்றழுத்தத்துக்கு மேல் மேலிருந்து கூடுதலாக ஏற்றும் அழுத்தம்) கண்டுபிடியுங்கள். அப்புறம்தான் இதைக் கழிக்க வேண்டும்.

4. தேவையா? கழிவு, டீவியேட்டர் ஸ்ட்ரெஸ்ஸில் 5 சதவீதத்தைத் தாண்டினால் கட்டாயம். சிங்காநல்லூர் குளத்து வண்டல் மாதிரி கொழகொழ மண் 50 கிலோபாஸ்கல் காட்டினால் உண்மையில் 43.4 தான். வடிகாலற்ற வலிமை (நீரை வடிய விடாமல் சோதித்தால் கிடைப்பது) அதில் பாதி: 25 இல்லை, 21.7. காய்ந்து இறுகிய கரிசல் 400 காட்டினால் 6.6 ஒரு பொருட்டில்லை.

சாம்பிள் பீப்பாய் போலப் புடைத்தால்தான் இந்தச் சூத்திரம் பொருந்தும். சாய்வாக வெட்டி நழுவினால் பொருந்தாது. பக்கவாட்டில் வடிதாள் பட்டைகள் ஒட்டியிருந்தால் அவற்றுக்குக் கழிவு தனி.