போருக்கு முந்தைய பேஸ்பால் கார்டுகள்: கூட்டம் இல்லாத பக்கமாகத் தொடங்குங்கள்

என் மேசையில் இருக்கும் ஒரு கார்டில் வால்டர் ஜான்சனுக்கும் கேபி ஸ்ட்ரீட்டுக்கும் சேர்த்து ஒரே ஜோடிக் கால்கள்தான். கார்டை விரித்து வைத்தால் ஒருவர் முழு உருவமாக நிற்கிறார். மேல் பாதியை மடித்தால் மற்றவரின் உடம்பு அதே கால்கள் மேல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்தக் காலத்தில் சிகரெட்டோடும் மிட்டாயோடும் பேஸ்பால் ஆட்டக்காரர் படம் போட்ட கார்டுகளைக் கொடுப்பார்கள்; இது 1911-இல் மெக்கா சிகரெட் பாக்கெட்டுக்குள் வந்தது. ஜான்சன் வாஷிங்டன் அணியின் பிட்சர், அதாவது பந்தை எறிபவர்; ஸ்ட்ரீட் அதைப் பிடிக்கும் கேட்சர். 1908 ஆகஸ்டில், 555 அடி உயரமுள்ள வாஷிங்டன் நினைவுத்தூணின் உச்சியிலிருந்து போட்ட பந்தைக் கீழே நின்று பிடித்தவர் இந்த ஸ்ட்ரீட். 13-ஆவது பந்துதான் கையில் சிக்கியது.

பழைய பேஸ்பால் கார்டு என்றதும் எல்லோரும் பிட்ஸ்பர்க் அணியின் ஹானஸ் வாக்னர் கார்டைத்தான் பேசுவார்கள். 2021-இல் அந்தக் கார்டு ஒன்று 66 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அது நமக்கு வேண்டாம். அதே காலத்தில், அதே கம்பெனிகள் அச்சடித்து, இன்று யாரும் அவ்வளவாகச் சீண்டாத கார்டுகள் நிறைய இருக்கின்றன. புதிதாகச் சேர்ப்பவருக்கு அங்கேதான் இடம்.

முதல் படி: எழுத்துக் குறிகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

"போருக்கு முந்தைய" என்றால் இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய என்று அர்த்தம். 1941-இல் வந்த பிளே பால் வரிசையை எல்லைக்கோடாக வைத்துக்கொள்ளலாம். அப்புறம் காகிதத்துக்கும் ரப்பருக்கும் தட்டுப்பாடு. பழைய காகிதத்தைப் போருக்காகத் திரட்டியபோது வீட்டுப் பரண்களில் கிடந்த கார்டுகளும் சேர்ந்து போயின.

இந்தக் கார்டுகளை டி206, ஆர்327, டபிள்யூ514 என்று எழுத்தும் எண்ணுமாகத்தான் சொல்வார்கள். வாக்னர் கார்டு வந்தது டி206 வரிசையில். இந்தக் குறிகளை வகுத்தவர் ஜெபர்சன் பர்டிக், நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரத்துக்காரர். என் என்பது 19-ஆம் நூற்றாண்டுப் புகையிலைக் கார்டு, டி என்பது 20-ஆம் நூற்றாண்டுப் புகையிலை, ஈ என்றால் ஆரம்பகால மிட்டாய், ஆர் என்றால் 1930-களின் சூயிங்கம், டபிள்யூ என்றால் பெரும்பாலும் நீளத் தாளாக வந்து கத்தரித்துக்கொண்டவை. இந்த ஐந்தும் தெரிந்தால் போதும், எந்த விற்பனைப் பட்டியலையும் படித்துவிடலாம்.

பர்டிக் மூட்டுவாதத்தால் கஷ்டப்பட்டவர். தன்னிடம் இருந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அச்சுத் துண்டுகளை நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். பல வருடம் அங்கேயே உட்கார்ந்து ஆல்பங்களில் ஒட்டி, 1963 தொடக்கத்தில் முடித்தார். அதே வருடம் இறந்தும் போனார். ஆமாம், பசை போட்டு ஒட்டினார். இன்றைக்கு ஒரு கார்டின் பின்பக்கத்தில் பசைக் கறை தெரிந்தாலே விலை பாதியாகிவிடும்!

இரண்டாம் படி: ஒரு மூலையைத் தேர்ந்தெடுங்கள்

அவசரப்படாதீர்கள். கண்டதை வாங்கிக் குவித்தால் ஆறு மாதத்தில் அலுத்துவிடும். எனக்குப் பிடித்த நான்கு மூலைகளைச் சொல்கிறேன்.

மெக்கா மடிப்புக் கார்டுகள், அதாவது டி201. மொத்தம் 50 கார்டு, 100 ஆட்டக்காரர்கள். முழு வரிசையையும் சேர்த்து முடிக்க முடியும் என்பதே பெரிய நிம்மதி. மடிக்கவென்றே செய்த கார்டு என்பதால், நடுவில் மடிப்புக்கோடு இருப்பதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மடிப்பு கிழிந்து ஒட்டுப் போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அடுத்தது டி207, 1912. மங்கிய பழுப்புப் பின்னணி, அதில் சோகமாகப் பார்க்கும் முகங்கள். டை காப் இல்லை, மேத்யூசன் இல்லை, வாக்னரும் இல்லை. பிரபலங்கள் குறைவு என்பதாலேயே ஒதுக்கிவிட்டார்கள். ஒரு பருவத்தில் சில ஆட்டம் ஆடிவிட்டுக் காணாமல் போனவர்களுக்கெல்லாம் இதில் கார்டு இருக்கிறது. எனக்கு இதுதான் மிகவும் பிடித்த வரிசை. ஒருவர் பெயரைப் பிடித்துக்கொண்டு அவர் கதையைத் தேடினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

மூன்றாவது ஜீநட். சான் பிரான்சிஸ்கோவின் மிட்டாய்க் கம்பெனி ஒன்று 1911 முதல் 1930-களின் கடைசிவரை பசிபிக் கோஸ்ட் லீக் ஆட்டக்காரர்களைப் போட்டது. 1958-இல் டாட்ஜர்ஸ், ஜயண்ட்ஸ் என்ற பெரிய அணிகள் கலிபோர்னியாவுக்கு வரும்வரை மேற்குக் கரைக்கு அந்த லீக்தான் எல்லாம். 1933-இல் தொடர்ந்து 61 ஆட்டங்களில் ஹிட் அடித்த ஜோ டிமாஜியோ என்ற பையன் அதில்தான் இருந்தான். பெரும்பாலான வருடக் கார்டுகளின் அடியில் ஒரு கூப்பன் இருக்கும். பிள்ளைகள் அதைக் கிழித்துக் கொடுத்துப் பரிசு வாங்கிக்கொள்வார்கள். அதனால் நம் கைக்கு வருவதில் பெரும்பாலானவை கூப்பன் இல்லாதவை. கூப்பனோடு இருந்தால் விலை எகிறும். இல்லாததையே வாங்குங்கள், அந்தக் கார்டு தன் வேலையைச் செய்து முடித்திருக்கிறது.

நான்காவது ஆர்327, டயமண்ட் ஸ்டார்ஸ். 1934 முதல் 1936 வரை நேஷனல் சிக்கிள் என்ற சூயிங்கம் கம்பெனி வெளியிட்டது, 108 கார்டு. பின்னணியில் மஞ்சளும் சிவப்பும் நீலமுமாகக் கட்டடங்கள், தொழிற்சாலைப் புகைபோக்கிகள். அழகு என்று பார்த்தால், அதே காலத்தில் கௌடி என்ற இன்னொரு சூயிங்கம் கம்பெனி போட்ட கார்டுகளைவிட இதுதான் ஒரு படி மேல் என்பேன். ஆனால் கௌடியில் பெரிய நட்சத்திரமான பேப் ரூத் இருக்கிறார், இதில் இல்லை. கூட்டம் அங்கே போய்விட்டது.

மூன்றாம் படி: எவ்வளவு அடிபட்டது போதும் என்று முடிவு செய்யுங்கள்

தரம் 1 முதல் 10 வரை, 10 தான் உச்சம். பி.எஸ்.ஏ, எஸ்.ஜி.சி போன்ற நிறுவனங்கள் பார்த்து, எண் கொடுத்து, பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்துத் தருகின்றன. புதியவர்களுக்கு 1 முதல் 3 வரை போதும். மூலை உருண்டிருக்கலாம், நடுவில் ஒரு கோடு விழுந்திருக்கலாம். முகம் தெளிவாக இருக்கிறதா, பெயர் படிக்க முடிகிறதா, அவ்வளவுதான் கேள்வி. பின்பக்கத்தில் யாரோ ஒரு பையன் பென்சிலால் கணக்குப் போட்டிருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷம், விலையும் குறையும்.

நான்காம் படி: போலியைக் கண்டுபிடிக்கப் பழகுங்கள்

இந்தப் படியில் நான் பணம் இழந்திருக்கிறேன். பழம்பொருள் கடை ஒன்றில், கண்ணாடிச் சட்டத்துக்குள், டீக்கறை போல மஞ்சளடித்த டை காப். 40 டாலர். வீட்டுக்கு வந்து லென்ஸில் பார்த்தால் பெயர் முழுக்கப் புள்ளி புள்ளி. மறுஅச்சு. அந்தக் கறைகூட உண்மையிலேயே டீயாகத்தான் இருக்கும்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது இது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றும், சின்னப் புறஊதா டார்ச் ஒன்றும் வாங்குங்கள். முதல் கார்டாக, நீங்கள் தேர்ந்தெடுத்த வரிசையிலேயே மலிவான, கூட்டுக்குள் அடைத்த அசல் ஒன்றை வாங்குங்கள். அதுதான் இனி உங்கள் உரைகல்.

அசல் டி206 கார்டில் படத்துக்குக் கீழே இருக்கும் பெயரை லென்ஸில் பாருங்கள். எழுத்து ஒரே பழுப்பு மையில், இடைவெளியில்லாமல் நிறைந்திருக்கும். ஸ்கேன் செய்து அச்சடித்த போலியில் அதே எழுத்து வண்ணப் புள்ளிகளாக உதிரும். ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது.

அடுத்து டார்ச். இருட்டறையில் முதலில் உங்கள் பிரிண்டர் தாள்மேல் அடியுங்கள், நீலமும் வெள்ளையுமாகப் பளீரென்று ஒளிரும். தாளை வெள்ளையாகக் காட்டச் சேர்க்கும் ரசாயனம் அது. போருக்கு முந்தைய காகிதத்தில் அது கிடையாது, மங்கலாகவே கிடக்கும். கார்டு ஒளிர்ந்தால் கீழே வைத்துவிடுங்கள். ஒளிரவில்லை என்பதால் மட்டும் அசல் என்று நம்பிவிடவும் வேண்டாம், பழைய காகிதத்தில் அச்சடிப்பவர்களும் உண்டு.

கடைசியாக ஓரங்கள். அடிபட்ட மூலையை மறைக்க ஓரத்தைச் சீவிவிடுவார்கள். முகத்தில் நூறு வயது தெரிகிறது, விளிம்பு மட்டும் நேற்று வெட்டியது போல வெள்ளையாகவும் கூராகவும் இருக்கிறது என்றால் சந்தேகப்படுங்கள். 1991-இல் பி.எஸ்.ஏ முதன்முதலாகத் தரம் பார்த்த கார்டே வாக்னர்தான், 8 என்று எண் கொடுத்தார்கள். அதன் ஓரத்தைத் தானே சீவியதாக அதை விற்ற வியாபாரி 2013-இல் ஒப்புக்கொண்டார். ஆகவே கூட்டின் மேல் இருக்கும் எண்ணைவிட உங்கள் கண்ணை நம்புங்கள். டபிள்யூ வகைக் கார்டுகளைக் கையால் கத்தரித்ததால் அளவை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அவற்றை இரண்டாம் வருடத்துக்கு ஒத்திப்போடுங்கள்.

ஐந்தாம் படி: வாங்குவது

ஈபேயில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். "விற்றுமுடிந்தவை" என்ற வடிகட்டியைப் போட்டு, அதே கார்டு, அதே தரம், கடைசியாக எவ்வளவுக்குப் போனது என்று பாருங்கள். மூன்று நான்கு விற்பனையைப் பார்த்தால் ஒரு கணக்குக் கிடைத்துவிடும். அமெரிக்காவில் இருப்பவர்கள் அக்கம்பக்கத்து கார்டு கண்காட்சிகளுக்குப் போகலாம். பளபளக்கும் மேசைகளைத் தாண்டி, ஓரத்தில் வயதான ஒருவர் பழைய ஷூ டப்பாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அங்கே போங்கள். "அடிபட்ட பழசு ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டால் முகம் மலரும். மூன்று கார்டு சேர்த்து எடுத்தால் விலை குறைப்பார்.

ஆறாம் படி: வைத்திருப்பது

மெல்லிய உறை, அதற்கு மேல் கெட்டி உறை. டி206, டி207 போன்ற புகையிலைக் கார்டுகள் சிறியவை, ஏறக்குறைய ஒன்றரை அங்குல அகலம்தான், அதனால் அந்த அளவு உறையையே கேட்டு வாங்குங்கள். பெரிய உறைக்குள் போட்டால் உள்ளே ஆடி ஆடி மூலை போய்விடும். வெயில் ஆகாது, ஈரம் ஆகாது. பி.வி.சி ஆல்பமும் ஆகாது, காலப்போக்கில் கார்டோடு ஒட்டிக்கொள்ளும். கறையை அழிக்க ரப்பரைக் கையில் எடுக்கவே எடுக்காதீர்கள்.

ஒரு நோட்டில் தேதி, விலை, யாரிடம் வாங்கியது என்று எழுதி வையுங்கள். என் நோட்டின் முதல் வரி அந்த 40 டாலர் டை காப்தான், பக்கத்தில் "டீ" என்று எழுதியிருக்கிறேன்.