நெல்லையிலிருந்து விமானத் தொலைவையும் பயண நேரத்தையும் கணக்கிடுவது எப்படி?

திருநெல்வேலி நகருக்கென்று விமான நிலையம் இல்லை. ஆகவே, எந்த நிலையத்தில் ஏறப்போகிறோம் என்று முடிவு செய்வதே முதற்படி. பாளையங்கோட்டைக்காரருக்கு வாகைக்குளத்திலுள்ள தூத்துக்குடி விமான நிலையம் அருகில் இருக்கிறது. வளைகுடா நாடுகளுக்குச் செல்வோர் பெரும்பாலும் திருவனந்தபுரத்தை நாடுகின்றனர்.

அடுத்து, இரு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கூகுள் வரைபடத்தில் ஓடுதளத்தின் மீது விரலை வைத்து அழுத்தினால் அவை தெரியும். வாகைக்குளம் 8.72, 78.03, சென்னை மீனம்பாக்கம் 12.99, 80.17. அட்சரேகை வேறுபாடு 4.27 பாகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்பதால் வடக்கு நோக்கி 474 கிலோமீட்டர். தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிச் செல்லச் செல்ல நெருங்குவதால், நம் பகுதியில் அவற்றுக்கிடையே ஒரு பாகைக்கு ஏறக்குறைய 109 கிலோமீட்டரே வரும், எனவே 2.14 பாகைக்கு 233 கிலோமீட்டர். இவ்விரண்டையும் செங்கோண முக்கோணத்தின் பக்கங்களாகக் கொண்டு, வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 528 கிலோமீட்டர் கிடைக்கும். பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றம்தான். இவ்வளவு தொலைவுக்கு அது போதும். நெடுந்தொலைவுக்கு, பூமியின் வளைவையும் கணக்கில் கொள்ளும் வரைபடத்தின் தொலைவு அளக்கும் வசதியைப் பயன்படுத்துவதே நல்லது.

இனி நேரம். தொலைவை வேகத்தால் வகுத்தால் மட்டும் விடை சரியாக வராது. வாகைக்குளத்தின் ஓடுதளம் நெடுங்காலம் ஏறத்தாழ 1,350 மீட்டர் நீளமே இருந்ததால், அங்கு காற்றாடி பொருத்திய சிறு விமானங்களே வந்து போயின. அவ்வகையான ஏ.டி.ஆர். விமானம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். ஜெட் விமானமோ 800 கிலோமீட்டருக்கு மேல். ஏ.டி.ஆர். விமானத்துக்கு 528 கிலோமீட்டர் பறக்க ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும்; ஓடுதளத்தில் நகர்வதற்கும் ஏறி இறங்குவதற்கும் அரை மணி நேரம் சேர்த்தால் ஒன்றரை மணி நேரம்.

ஆனால் வீட்டிலிருந்து வீடு வரையிலான கணக்கு வேறு. வாகைக்குளம் செல்ல ஒரு மணி நேரம், முன்கூட்டியே சென்று காத்திருக்க ஒன்றரை மணி நேரம், மீனம்பாக்கத்தில் பெட்டியை எடுத்துக்கொண்டு நகருக்குள் போக மற்றொரு ஒன்றரை மணி நேரம் என்று கூட்டினால் ஐந்தரை மணி நேரம் ஆகிவிடுகிறது. வந்தே பாரத் ரயில் ஏறத்தாழ எட்டு மணி நேரத்தில் எழும்பூரை அடைகிறது; தாம்பரத்திலும் நிற்கிறது. தாம்பரம் பக்கம் வீடு உள்ளவர், என் கருத்தில், ரயிலையே தேர்ந்தெடுக்கலாம்.

வெளிநாட்டுப் பயணத்துக்கு இன்னொரு படி உண்டு. திருவனந்தபுரத்திலிருந்து துபாய் ஏறத்தாழ 2,950 கிலோமீட்டர். ஜெட் விமானத்தில் நான்கு மணி நேரத்தை ஒட்டி வரும். பயணச்சீட்டிலோ காலை 10.00 மணிக்குப் புறப்பாடு, 12.40 மணிக்கு வருகை என்பதுபோல இருக்கும். இரண்டும் அந்தந்த ஊர் நேரங்கள். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. ஆகவே போகும்போது வேறுபாட்டுடன் ஒன்றரை மணி நேரத்தைக் கூட்டவும், திரும்பும்போது கழிக்கவும் வேண்டும். மேற்கிலிருந்து வீசும் உயர்வானக் காற்று வலுக்கும் குளிர்காலத்தில், திரும்பும் பயணம் பொதுவாகச் சில நிமிடங்கள் குறையும்.