அப்டேட்டுக்குப் பிறகு ஓட்டக் கடிகாரத்தைச் சோதிக்கும் முறை

பாளையங்கோட்டையில் அதிகாலையில் ஓடுகிறவர்களிடையே ஒரு புகார் அடிக்கடி எழும்: "நேற்று ராத்திரி அப்டேட் போட்டேன், இன்றைக்கு ஜிபிஎஸ் கெட்டுப்போயிற்று." நானும் இதைச் சொன்னவன்தான். வழக்கமாக 10 கிலோமீட்டர் காட்டும் பாதைக்கு, அப்டேட் ஆன மறுநாள் என் கடிகாரம் 9.62 காட்டியது; பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் இதயத்துடிப்பு 174 என்றது. நிறுவனத்துக்குக் காட்டமாக ஒரு மின்னஞ்சலை எழுதி முடித்த பிறகுதான், ஜிபிஎஸ் அமைப்பு மின்சேமிப்பு முறைக்கு மாறியிருந்ததையும், முந்தின நாள் கோயிலில் கட்டிக்கொண்ட கயிறு கடிகாரத்துக்கு அடியில் நழுவிச் சென்சாரின் மேல் கிடந்ததையும் கவனித்தேன். முதல் கோளாறு அப்டேட்டால் வந்தது, இரண்டாவது என்னால் வந்தது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க நான் இப்போது கடைப்பிடிக்கும் முறையை இங்கே எழுதுகிறேன்.

வேலை அப்டேட்டுக்கு முன்பே தொடங்குகிறது. முதலில் தானியங்கி அப்டேட்டை அணைத்துவிட்டு, இப்போதுள்ள ஃபர்ம்வேர் (கடிகாரத்தை இயக்கும் உள்மென்பொருள்) பதிப்பின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரே பாதையில், ஒரே நேரத்தில் மூன்று நாள் ஓடி அந்தப் பதிவுகளைப் பத்திரப்படுத்துங்கள். மூன்று நாள் ஓடினாலே, அப்டேட் எதுவும் இல்லாமலே அதே கடிகாரம் அதே பாதைக்கு மூன்று வெவ்வேறு தூரங்களைக் காட்டுவதைப் பார்ப்பீர்கள். அந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு என்று தெரியாதவர், அப்டேட்டுக்குப் பிந்தைய ஒற்றை ஓட்டத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

நேரம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில், ஏறத்தாழ 11 மணி 58 நிமிடத்துக்கு ஒரு சுற்று வருகின்றன. அதனால் ஓர் இடத்தில் நின்று பார்ப்பவருக்கு அவற்றின் அதே அமைப்பு ஒவ்வொரு நாளும் சுமார் 4 நிமிடம் முன்னதாகத் திரும்பி வரும். இன்று காலை 5:30 மணி ஓட்டத்தை நாளைக் காலை 5:30 மணி ஓட்டத்தோடு ஒப்பிடலாம். மாலை ஓட்டத்தோடு ஒப்பிட்டால், கடிகாரத்தோடு வானமும் மாறிவிடுகிறது. இந்த 4 நிமிடம் ஒரு மாதத்தில் 2 மணி நேரமாகச் சேர்ந்துவிடும் என்பதால், ஒப்பிடும் ஓட்டங்கள் எல்லாம் அப்டேட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு வாரத்துக்குள் அடங்குவது நல்லது.

அப்டேட் முடிந்ததும் உடனே ஓடக் கிளம்பாதீர்கள். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் துல்லியமான பாதைக் குறிப்பை 30 விநாடிக்கு ஒரு முறை அனுப்புகிறது. எல்லாச் செயற்கைக்கோள்களின் தோராயமான அட்டவணை முழுதாக வந்து சேர 12.5 நிமிடம் ஆகும். வழக்கமாகக் கைபேசிச் செயலி இந்த விவரங்களை முன்கூட்டியே கணித்த கோப்பாகக் கடிகாரத்துக்குக் கொடுத்துவிடுவதால் நாம் காத்திருப்பதில்லை. அப்டேட்டில் அந்தக் கோப்பு சில சமயம் அழிந்துபோகும். ஆகவே கடிகாரத்தை ஒரு முறை அணைத்து இயக்கி, கைபேசியோடு இணைத்து ஒத்திசைத்து, ஓட்டப் பயிற்சித் திரையைத் திறந்தபடி மொட்டைமாடியில் 15 முதல் 20 நிமிடம் வைத்துவிடுங்கள். சன்னல் ஓரம் போதாது. பாதி வானம் சுவருக்குப் பின்னால் போய்விடும். இவ்வளவு செய்த பிறகும் முதல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுவது என் வழக்கம்.

அடுத்து அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். ஜிபிஎஸ் மட்டுமா, ரஷ்யாவின் க்ளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகிய செயற்கைக்கோள் அமைப்புகளும் சேர்ந்தா, எல்1 (1575.42 மெகாஹெர்ட்ஸ்), எல்5 (1176.45 மெகாஹெர்ட்ஸ்) ஆகிய இரண்டு அலைவரிசைகளிலும் கேட்கிறதா என்பதை முன்பிருந்ததோடு ஒப்பிடுங்கள். பதிவு ஒவ்வொரு விநாடிக்கும் நடக்கிறதா, கடிகாரம் தானே தேர்ந்தெடுத்த புள்ளிகளை மட்டும் எழுதுகிறதா என்பதும் முக்கியம். இரண்டாவது முறையில் வளைவுகள் நேர்கோடுகளாக வெட்டுப்படும். நம் ஊர்க்காரருக்கு, இந்தியாவின் சொந்த வழிகாட்டிச் செயற்கைக்கோள் அமைப்பான நாவிக்கின் மேல் தனிப் பாசம் இருக்கும். அதை ஏற்றிச் சென்ற ராக்கெட்டுகளின் என்ஜின்கள் பணகுடிப் பக்கம் மகேந்திரகிரியில் சோதிக்கப்படுகின்றன அல்லவா! ஆனால் தொடக்ககால நாவிக் செயற்கைக்கோள்கள் எல்5, எஸ் அலைவரிசைகளில் மட்டுமே பேசின; 2023 மே 29 அன்று ஏவப்பட்ட என்விஎஸ்-01 முதல்தான் எல்1 சேர்ந்தது. எல்1 மட்டும் கேட்கும் கடிகாரத்துக்குப் பழையவற்றின் குரல் எட்டாது. எனவே பட்டியலில் நாவிக் என்ற பெயரைப் பார்த்த மாத்திரத்தில் துல்லியம் கூடிவிட்டதாக எண்ண வேண்டாம்.

தூரத்தைச் சோதிக்க அளந்து கோடு போட்ட 400 மீட்டர் தடம் வேண்டும். நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் கற்கள் இதற்கு உதவா. அவை பயணிகளுக்காக நட்டவை, மீட்டர்க் கணக்குக்கு நட்டவை அல்ல. தடத்தின் முதல் பாதையில், உள்விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி ஓடினால்தான் ஒரு சுற்று 400 மீட்டர். இரண்டாம் பாதைக்கு நழுவினால் ஒரு சுற்றுக்கு 7 மீட்டர் கூடும். 10 சுற்றில் 70 மீட்டர், அதாவது கடிகாரத்தின் மேல் சுமத்தப்படும் பொய்க் குற்றம். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் லேப் பொத்தானை அழுத்துங்கள். கடிகாரத்தில் தடகள ஓட்டத்துக்கென்று தனி முறை இருந்தால் அதை இந்தச் சோதனையில் தொடவே கூடாது: அது நீங்கள் ஓடும் பாதையை ஊகித்து 400 மீட்டரை ஒட்டியே கணக்கை அமைத்துக்கொள்ளும், ஜிபிஎஸ் எவ்வளவு மோசமாக இருந்தாலும் முடிவு அழகாகத் தெரியும். 10 சுற்றுக்கு 3.96 முதல் 4.04 கிலோமீட்டர் வரை வந்தால் குறை சொல்வதற்கில்லை. மொத்தத்தைக் காட்டிலும் தனித்தனிச் சுற்றுகளைப் பார்ப்பதே பயன் தரும். ஒரு சுற்று 385, அடுத்தது 415 என்று வந்தாலும் மொத்தத்தில் ஒன்றை ஒன்று ஈடுசெய்து, தவறு ஒளிந்துகொள்ளும்.

திறந்த மைதானத்தில் எந்தக் கடிகாரமும் ஓரளவு நன்றாகவே நடந்துகொள்ளும். குணம் தெரிய வேண்டுமானால் டவுனுக்கு வாருங்கள். நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள நான்கு ரத வீதிகளிலும் மாடிக் கடைகள் நெருங்கி நிற்பதால், செயற்கைக்கோளின் சிக்னல் நேராக வராமல் சுவரில் பட்டுத் திரும்பி வரும். அந்தக் கூடுதல் பயணத்தில் ஒரு மைக்ரோ விநாடி தாமதம் நேர்ந்தால் தூரக் கணக்கில் 300 மீட்டர் பிசகும். இரண்டு அலைவரிசைகளையும் கேட்கும் கடிகாரம் இந்த எதிரொலியைப் பெருமளவு பிரித்துத் தள்ளிவிடும். கடை திறப்பதற்கு முன், வலம் வரும் திசையிலேயே மூன்று சுற்று ஓடி, வரைபடத்தில் கோட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். கோடு கடைகளுக்குள் புகுந்து வந்தால் எதிரொலிச் சிக்கல். கோடு வழவழப்பாக இருந்து, நான்கு மூலைகளிலும் வீதி முனையைத் தொடாமல் உள்ளே வளைந்து திரும்பினால் அது வேறு விஷயம்: புதிய ஃபர்ம்வேரில் கோட்டை மெருகூட்டும் வடிகட்டலைக் கூட்டியிருக்கிறார்கள் என்று பொருள். பார்ப்பதற்கு முந்தைய கோட்டைவிட இது ஒழுங்காகத் தோன்றும், பலர் "அப்டேட் பிரமாதம்" என்பார்கள். ஆனால் மூலைக்கு மூலை சில மீட்டர்களை அது விழுங்கியிருக்கும். கோணல் மாணலான நேர்மையான கோட்டையே நான் தேர்ந்தெடுப்பேன். திரும்பும் வழியில் ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்துக்கு அடியில் போய் வெளியே வந்து, கோடு எத்தனை விநாடியில் சாலைக்குத் திரும்புகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளலாம். ஆனித் தேரோட்டச் சமயத்தில் இந்தச் சோதனையை மறந்துவிடுங்கள்.

இதயத்துடிப்பில் ஏமாறுவதற்கு இன்னும் அதிக வாய்ப்புகள் உண்டு. கடிகாரத்தின் அடியிலுள்ள பச்சை விளக்கு தோலுக்குள் ஒளியைப் பாய்ச்சுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இரத்தம் கூடிக் குறைவதற்கேற்ப திரும்பி வரும் ஒளியின் அளவு மாறுவதைச் சென்சார் எண்ணுகிறது. அந்த ஒளிக்கு வெளிவெளிச்சம், கை அசைவு, வியர்வைப் படலம், குளித்துவிட்டுத் தடவிய தேங்காய் எண்ணெய் எல்லாமே இடையூறு. கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்து, மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரலளவு மேலே, கையைக் குலுக்கினால் நகராத அளவுக்கு இறுக்கிக் கட்டுங்கள். கயிறு, காப்பு இருந்தால் அடுத்த கைக்கு மாற்றுங்கள், அல்லது கடிகாரத்தை மாற்றிக் கட்டிவிட்டு எந்தக் கை என்பதை அமைப்பிலும் மாற்றுங்கள்.

ஒப்பிடுவதற்கு மார்பில் கட்டும் பட்டை ஒன்றை இரவல் வாங்கியாவது பயன்படுத்த வேண்டும். அது இதயத்தின் மின்துடிப்பை நேராக எடுப்பதால் அளவுகோலாகக் கொள்ளலாம். இங்கே பலர் செய்யும் தவறு, பட்டையைச் சோதனைக்குரிய கடிகாரத்தோடேயே இணைத்துவிடுவது. இணைத்தவுடன் கடிகாரம் பொதுவாகத் தன் சென்சாரை விட்டுவிட்டுப் பட்டையின் எண்ணையே எழுதும். பட்டையைப் பட்டையோடு ஒப்பிட்டு "நூற்றுக்கு நூறு" என்று மகிழ்ந்தவர்களை எனக்குத் தெரியும். பட்டையைக் கைபேசிச் செயலியில் பதிவு செய்யுங்கள். 10 நிமிடம் நடந்து உடலைச் சூடாக்கி, 10 நிமிடம் மெதுவாக ஓடி, பிறகு ஒரு நிமிடம் வேகம், ஒரு நிமிடம் நடை என்று ஆறு முறை செய்யுங்கள். மெதுவோட்டத்தில் இரண்டு கோடுகளும் ஒட்டிப் போக வேண்டும். வேகப் பகுதிகளில் கடிகாரம் சில விநாடி பின்தங்கி ஏறி இறங்குவது மணிக்கட்டுச் சென்சாரின் இயல்பு. மெதுவோட்டத்தில் பட்டை 135 காட்டும்போது கடிகாரம் 170 காட்டினால், அதே நேரத்துக் காலடி எண்ணிக்கையைப் பாருங்கள். அதுவும் நிமிடத்துக்கு 170 என்றால், சென்சார் இதயத்தை விட்டுவிட்டுக் காலை எண்ணிக்கொண்டிருக்கிறது. அப்டேட்டுக்கு முன் இது நேராமல், அதே இறுக்கத்தில் கட்டிய பிறகும் மூன்று ஓட்டங்களில் திரும்பத் திரும்ப நேர்ந்தால்தான் ஃபர்ம்வேரைச் சந்தேகிக்கலாம்.

வெயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும். அக்னி நட்சத்திர நாட்களில் உடல் தன்னைக் குளிர்விக்கத் தோலுக்கு அதிக இரத்தத்தை அனுப்புவதாலும், வியர்வையில் நீர் குறைவதாலும், அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகவே துடிக்கும். மார்ச் மாதப் பதிவோடு மே மாதப் பதிவை ஒப்பிட்டு, அப்டேட் வந்த பிறகு 10 துடிப்பு அதிகம் காட்டுகிறது என்று சொன்னால், கடிகாரம் ஒருவேளை உண்மையைத்தான் சொல்லியிருக்கும். மார்புப் பட்டையும் அதே எண்ணைக் காட்டினால் விவகாரம் அங்கேயே முடிந்தது.

இத்தனைக்கும் பிறகு குறை நிற்கிறது என்றால், பதிவுகளைக் கைபேசிச் செயலியில் காப்பாக எடுத்துவைத்துவிட்டு, கடிகாரத்தைத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோய், மீண்டும் அமைத்து, தடத்தில் ஒரு முறையும் ரத வீதியில் ஒரு முறையும் ஓடுங்கள். பழைய பதிப்புக்குத் திரும்பும் வசதியைப் பெரும்பாலான நிறுவனங்கள் பயனருக்குத் தருவதில்லை. ஆகவே புகார் எழுதுவதே வழி. வரைபடப் படத்தை அனுப்பிப் பயனில்லை. அப்டேட்டுக்கு முந்தைய, பிந்தைய மூலக் கோப்புகள், இரண்டு பதிப்பு எண்கள், ஓடிய நேரம், ஜிபிஎஸ் முறை, எந்தக் கை, பட்டையின் பதிவு ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். நான் இரண்டாம் முறை எழுதிய மின்னஞ்சல் ஆறே வரிதான். காட்டமான முதலாவதை அனுப்பாமலே அழித்துவிட்டேன்.