இலை, நிழல், தேங்கிய தண்ணீர்: மூன்றிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குப் பருவ விளையாட்டுகள்

என் மகளுக்கு மூன்றரை வயதாகும்போது இந்த விளையாட்டுகளை ஆரம்பித்தோம். முதல் சில வாரங்கள் எல்லாவற்றையும் நானே செய்தேன். அவள் இரண்டு நிமிடம் பார்ப்பாள், அப்புறம் எழுந்து போய்விடுவாள். படம் அழகாக வரவேண்டும் என்ற என் ஆசைதான் அதற்குக் காரணம் என்று தாமதமாகத்தான் புரிந்தது. இப்போது பொருள்களை எடுத்துவைப்பது மட்டும் என் பங்கு, மீதியெல்லாம் அவள் கை. ஆரம்பிக்கும் முன் "என்ன ஆகும்னு நினைக்கிற?" என்று ஒரு கேள்வி கேட்பேன். பதில் தப்பாக இருந்தாலும் திருத்தமாட்டேன்.

இலை உதிரும் காலம்: கிரேயான் பதிவு

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். என்னை அதிகம் சோதித்ததும் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தேவையானவை: நாலைந்து இலைகள், மெல்லிய வெள்ளைத் தாள், தடிமனான மெழுகு கிரேயான், கிளிப் வைத்த பரீட்சை அட்டை.

1. இலைகளைக் குழந்தையே பொறுக்கட்டும். அன்றைக்கு விழுந்த இலை நல்லது. சருகு நொறுங்கிவிடும், தளிரில் நரம்பு எழும்பியிருக்காது. பால் வடிகிற இலை, முள் இலை, என்ன செடி என்று தெரியாத இலை எதையும் தொடவிடாதீர்கள்.

2. சுருண்ட இலையை ஒரு தடிமனான புத்தகத்துக்குள் ஓர் இரவு வைத்தால் தட்டையாகிவிடும்.

3. இலையைக் குப்புறப் போடுங்கள். அடிப்பக்கம் மேலே தெரியவேண்டும், ஏனென்றால் நரம்புகள் அங்கேதான் புடைத்திருக்கும். தாளை வைக்கும் முன் குழந்தையின் விரலை அதன் மேல் மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். என் மகள் அப்படித் தடவிப் பார்த்துவிட்டு, "பாட்டி கை மாதிரி இருக்கு" என்றாள். நரம்பு என்ற சொல்லை நான் அதற்குப் பிறகுதான் சொல்லிக்கொடுத்தேன். இலைக்குள் தண்ணீர் போகும் வழி அது என்றதும், பாட்டியின் கையைப் பிடித்து அங்கேயும் தண்ணீர் ஓடுகிறதா என்று பார்க்கப் போய்விட்டாள்.

4. இனி, நான் மாட்டிக்கொண்ட இடம். தாளை மேலே போட்டுக் கிரேயானைக் கொடுத்தேன். அவள் வழக்கம்போல நுனியால் அழுத்திக் கிறுக்கினாள். இலை நழுவியது, தாள் கிழிந்தது, பதிவு எதுவும் வரவில்லை. மூன்று நாள் இதே கதை. "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இருந்ததில் அவளுக்கு அழுகைதான் வந்தது.

தீர்வு கிரேயானில்தான் இருந்தது. அதன் காகிதச் சட்டையை உரித்து, இரண்டாக உடைத்து, தாளின் மேல் படுக்கவைத்துக் கொடுங்கள். நுனி இல்லாததால் கிறுக்க வராது, உருட்டித் தேய்க்கத்தான் வரும். ஒரே பக்கமாக இழுத்தால் நரம்பு இன்னும் தெளிவாக விழும். இலை நழுவாமல் இருக்க, ஒட்டும் பக்கம் வெளியே வரும்படி செல்லோடேப்பை வளையமாகச் சுருட்டி இலைக்கு அடியில் ஒட்டுங்கள். தாளைக் கிளிப் பிடித்துக்கொள்ளும்.

5. முதலில் ஓரம் தெரியும், அப்புறம் நடு நரம்பு, பிறகு கிளை நரம்புகள். அந்தச் சில நொடிகள் குழந்தையின் முகத்தைப் பாருங்கள், நீங்கள் எதுவும் பேசவேண்டாம்.

தாள் விஷயத்தில் நான் கறார். பிரிண்டருக்குப் போடுகிற 70 அல்லது 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு) தாள் போதும். சார்ட் தாளில் தேய்த்தால் நரம்பு எழும்பாது. ஸ்கெட்ச் பேனா இதற்கு வேலைக்கே ஆகாது. கலர் பென்சிலால் முடியும், ஆனால் சின்னக் கைகளுக்கு அலுத்துப்போகும்.

வெயில் காலம்: நிழலைப் பிடிப்பது

காலை வெயிலில், சிமெண்ட் தரையில் 20 செ.மீ. உயரமுள்ள ஒரு பொம்மையை நிறுத்துங்கள். அதன் நிழலைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடச் சொல்லுங்கள். அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் நிழல் கோட்டை விட்டு நகர்ந்திருக்கும். காலையில் நீளமாக இருந்தது உச்சிக்குப் போகப்போகக் குட்டையாகும். உச்சி வெயிலில் குழந்தையை நிறுத்தவேண்டாம். எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் பார்த்தாலே வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

குழந்தையின் நிழலையே வரைவதாக இருந்தால், முதலில் பாதங்களைச் சுற்றிக் கோடு போடுங்கள். இதை நான் விட்டுவிட்டேன். இரண்டாவது தடவை அவள் வேறு இடத்தில் போய் நின்றாள், ஒப்பிட வழியில்லாமல் போய்விட்டது. சூரியனை நேராகப் பார்க்கக்கூடாது என்பதை ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள்.

"சூரியன் நடக்குது" என்பாள் என் மகள். பூமி சுற்றுவது, மணிக்கு 15 பாகை திரும்புவது எல்லாம் எனக்குத் தெரியும், சொல்ல நாக்கு துடிக்கும். ஆனாலும் சொல்வதில்லை. கண்ணால் கண்டதை அவள் தன் வார்த்தையில் சொல்லியிருக்கிறாள், நாலு வயதுக்கு அது போதும்.

மழைக்காலம்: தண்ணீர் எங்கே போச்சு?

மழை விட்டதும் தரையில் தேங்கிய தண்ணீரைச் சுற்றிச் சாக்பீஸால் எல்லை போடுங்கள். மணிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தால் தண்ணீர் உள்ளே சுருங்கிக்கொண்டே போவது தெரியும். ஒவ்வொரு முறையும் புது எல்லை போட்டால் கடைசியில் மர வளையம் மாதிரி அடுக்கடுக்காகக் கோடுகள் கிடைக்கும்.

பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் மேல்பாகத்தை வெட்டிவிட்டு வைத்தால் மழையை அளக்கலாம். வெட்டிய விளிம்பில் டேப் ஒட்டிவிடுங்கள். பாட்டிலின் அடி மேடுபள்ளமாக இருக்கும் என்பதால், அது மறையும்வரை தண்ணீர் ஊற்றி, அங்கே பூஜ்யம் என்று கோடு போடுங்கள். பெரியவர்களுக்கு ஒரு கணக்கு: ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர்.

தேங்கிய தண்ணீர் விரலளவு ஆழம்தான் என்றாலும் குழந்தையைத் தனியே விட்டுப் போகாதீர்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு, மழைக்கால விளையாட்டில் ஈரத் தரையில் சாக்பீஸ் எழுதவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். உண்மைதான். எங்கள் தரை சீக்கிரம் காய்ந்துவிடுவதால் எனக்கு அது தோன்றவே இல்லை. சாக்பீஸுக்குப் பதில் கூழாங்கற்களை வரிசையாக வையுங்கள். வீட்டில் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் வாய்க்குள் போகாத பெரிய கல்லாக எடுங்கள்.

மாடி வீட்டில் முற்றம் இல்லையே என்று கேட்டவருக்கு: இரண்டு ஒரே மாதிரித் தட்டுகளில் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, ஒன்றை ஜன்னலோரம் வெயிலிலும் இன்னொன்றை அறைக்குள் நிழலிலும் வையுங்கள். எது முதலில் காயும் என்று குழந்தையைக் கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

இலைப் பதிவுகளை என்ன செய்வது என்றும் ஒருவர் கேட்டார். பின்பக்கம் தேதி எழுதி ஒரு நோட்டில் ஒட்டிவைக்கிறேன். அடுத்த மாதம் அதே மரத்தடிக்குப் போகும்போது நோட்டையும் கையில் எடுத்துக்கொள்கிறோம்.