பிரெஞ்சு இலக்கணம்: ஆங்கிலத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள்

காலேஜில் மார்க்குக்காக பிரெஞ்சு எடுத்தவர்கள், ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனியில் எக்ஸ்போர்ட் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள் என்று நம்ம வேலூர்ப் பக்கத்தில் தொடங்குகிற பலரும் சிக்குவது ஒரே இடத்தில்தான். பிரெஞ்சை ஆங்கிலமாக்கி, அதைத் தமிழாக்கி, பதிலையும் அதே சுற்றுவழியில் திருப்பி அனுப்புகிறார்கள். சொல் வரிசைக்கு ஆங்கிலம் உதவும், ஏனென்றால் பிரெஞ்சிலும் வினை நடுவில்தான் வரும், நம்மைப்போல் கடைசியில் இல்லை. மற்றபடி பல இடங்களில் தமிழ்தான் குறுக்குவழி.

அவ்வுவார் என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘வைத்திருப்பது’ என்று பொருள் சொல்லித் தருவார்கள், அதை மறந்துவிடுங்கள். தமிழில் ‘எனக்கு’ போட்டு அடுத்து ஒரு பெயர்ச்சொல் வந்தால், பெரும்பாலும் அங்கே அவ்வுவார்தான். எனக்கு ரெண்டு தம்பி, ‘ஜே தோ ஃப்ரேர்’. எனக்கு இருபது வயசு, ‘ஜே வேன் தான்’. எனக்குப் பசி, ‘ஜே ஃபேன்’. காய்ச்சல், தலைவலிக்கும் இதே கதைதான். ஆங்கிலத்தில் யோசித்தால் வயசுக்கும் பசிக்கும் ‘நான் இருக்கிறேன்’ வினையைப் போட்டுத் தப்பாகும். எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும் என்பவை மட்டும் வேறு, அங்கே அடுத்து வருவது வினை.

வினை ஆளுக்கு ஆள் மாறுவதைப் பார்த்துப் பயப்பட நமக்கு ஒன்றும் இல்லை. வருகிறேன், வருகிறாய், வருகிறார்கள் என்று பிறந்ததிலிருந்து மாற்றிக்கொண்டுதான் இருக்கிறோம். ஒரே வித்தியாசம், தமிழில் ‘வர்றேன்’ என்றாலே யார் என்று தெரிந்துவிடும், பிரெஞ்சில் தெரியாது. பேசுவது என்ற பார்லே வினையில் நான், நீ, அவன், அவர்கள் நாலுக்கும் எழுத்தில் மூன்று வடிவங்கள் இருந்தாலும் காதில் விழுவது ‘பார்ல்’ ஒன்றுதான். நாம் என்றால் ‘பார்லோன்’, நீங்கள் என்றால் ‘பார்லே’. அதனால்தான் ஜெ (நான்), த்யூ (நீ), இல் (அவன், அவர்கள்), நூ (நாம்), வூ (நீங்கள்) என்று ஆளை முன்னால் சொல்லியே ஆகவேண்டும். ‘ஜெ’ என்பதில் வருவது நம் ஜ அல்ல, ‘ஷ’ சொல்லும்போதே தொண்டையை அதிரவிட்டால் வரும் ஒலி.

த்யூ என்றால் நீ, வூ என்றால் நீங்கள். ஒருத்தரோ பத்துப் பேரோ, மரியாதை என்றால் வூ. ஆனால் அங்கே அப்பா அம்மாவையும் பொதுவாகத் த்யூ என்றுதான் கூப்பிடுவார்கள். சரக்கு வாங்கும் பயருக்கு மெயில் எழுதும்போது வூ தவிர வேறு எதையும் தொடாதீர்கள்.

தமிழ் கைவிடுகிற இடம் பால். பிரெஞ்சில் அஃறிணையே கிடையாது. ரயில் ‘லெ த்ரேன்’ ஆண்பால், அது வந்து நிற்கிற காட்பாடி ஸ்டேஷன் ‘லா கார்’ பெண்பால். தோல் ‘லெ குயிர்’ ஆண், அதில் தைத்த ஷூ ‘லா ஷோஸ்யூர்’ பெண். கோட்டை ‘லெ ஃபோர்’ ஆண். காரணம் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், கிடைக்காது. சொல்லை மட்டும் தனியாக நோட்டில் எழுதாமல், ‘ஒரு’ என்பதற்கான அன் அல்லது யூன் சேர்த்தே எழுதுங்கள். லெ, லா போட்டு எழுதினால் உயிரெழுத்தில் தொடங்கும் சொற்களில் பால் மறைந்துவிடும். ‘லோபெர்ஜீன்’ என்று எழுதிவைத்தால் கத்தரிக்காய் ஆணா பெண்ணா என்று எப்படித் தெரியும்? ‘யூன் ஓபெர்ஜீன்’ என்றால் இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் உட்பட எல்லாம் பெண்பால் என்று தெளிவாகிவிடும். ‘-சியோன்’ என்று முடிந்தால் அநேகமாகப் பெண், ‘-மான்’ என்றால் அநேகமாக ஆண், ‘-ஆஜ்’ என்றாலும் ஆண், ஆனால் பக்கம் என்கிற ‘பாஜ்’, கடற்கரை என்கிற ‘ப்ளாஜ்’ இரண்டும் பெண்.

பால் தெரியாவிட்டால் அடைமொழியும் தப்பும். பச்சைப் பை ‘அன் சாக் வேர்’, பச்சை ஷூ ‘யூன் ஷோஸ்யூர் வேர்த்’. பெண்பாலில் கடைசியில் ஒரு ‘e’ எழுத்து சேர்ந்ததும், அதுவரை வாய் திறக்காமல் இருந்த ‘த்’ வெளியே கேட்கிறது. நிறம் பெயருக்குப் பின்னால்தான் வரும். சின்ன, பெரிய, நல்ல, அழகான, பழைய போன்ற சில அன்றாடச் சொற்கள் மட்டும் நம்மூர் மாதிரி முன்னால் வரும்.

ஆமி என்றால் நண்பன். லெ + ஆமி எப்படி லாமி ஆயிற்று என்று கேட்டால், காடு + எங்கே எப்படிக் காடெங்கே ஆயிற்றோ அப்படி. பத்தாம் வகுப்பில் திட்டிக்கொண்டே படித்த புணர்ச்சி இப்போது உதவும். உயிர் வந்தால் முன்னால் இருக்கும் லெ, லா, ஜெ, ந, த போன்ற குட்டிச் சொற்களின் கடைசி உயிர் ஓடிவிடும். பன்மையில் லே + ஆமி ‘லே ஃஸாமி’ ஆகும், அந்த ‘ஃஸ’ தேனீ ரீங்கரிப்பது போன்ற ஒலி. இதில் அலட்சியம் கூடாது. ‘இல் சோன்’ என்றால் அவர்கள் இருக்கிறார்கள், ‘இல் ஃஸோன்’ என்றால் அவர்களிடம் இருக்கிறது.

‘இல்லை’ சொல்ல வினைக்கு முன்னால் ந, பின்னால் பா. ‘ஜெ ந பார்ல் பா’, நான் பேசுவதில்லை. பேச்சில் ‘ந’வை விழுங்கிவிடுவார்கள், பரீட்சையில் நீங்கள் விழுங்கக்கூடாது.

எதிர்காலத்துக்குத் தனி அட்டவணை இருக்கிறது, தொடக்கத்தில் தேவையில்லை. ‘ஜெ வே மான்ஜே’, சாப்பிடப் போகிறேன். போவது என்ற வினையோடு எந்த வினையின் மூல வடிவத்தையும் சேர்த்தால் போதும், தமிழிலும் அதேதான் செய்கிறோம். இடத்துக்குப் போவதென்றால் நடுவில் ‘ஆ’ வரும். ‘ஜெ வே ஆ லா கார்’, ஸ்டேஷனுக்குப் போகிறேன். ஆண்பால் என்றால் ஆவும் லெவும் சேர்ந்து ‘ஓ’ ஆகிவிடும், ‘ஜெ வே ஓ ஃபோர்’, கோட்டைக்குப் போகிறேன்.

சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள கடைக்காரர்கள் வங்காளம் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள், யாரும் அட்டவணை மனப்பாடம் செய்து பேசவில்லை. நீங்களும் முழு வாக்கியமாகவே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். அவ்வுவாரையும், ‘இருப்பது’ என்ற எத்ரையும் மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்படி வைத்திருங்கள். பேச்சில் அதிகம் வரும் இறந்தகால வடிவம் இந்த இரண்டின் மேல்தான் நிற்கிறது, அதைத் தொடுவதற்கு அவசரமில்லை.