கொங்கு நாட்டுக் கொலைக் கதையில் விசுவாசமான வேலைக்காரர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொங்குப் பக்கம் நடக்கும் கொலைக் கதைகளை எழுதும் நண்பர்கள், படித்துப் பார்க்கச் சொல்லி எனக்கு அனுப்புவது உண்டு. நான் முதலில் புரட்டுவது வேலைக்காரர் வரும் பக்கங்களை. பெரும்பாலும் ஒரே ஆள்தான் வருகிறார். அறுபது வயது, தோளில் துண்டு, கலங்கிய கண், “இந்த வீட்டு உப்பைத் தின்னு வளந்தவன் சாமி” என்று ஒரு வசனம். அப்புறம் கதை முழுக்கக் காப்பி கொண்டுவருகிறார், கதவு திறக்கிறார், கடைசியில் முதலாளி குடும்பத்துக்காகப் பழியைத் தலையில் போட்டுக்கொள்கிறார். படிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அப்படி ஒருவர் கண்பார்வையில் வளர்ந்தவன் நான்.

எங்கள் தோட்டம் ஈரோட்டுப் பக்கம். அப்பாரு, அதாவது தாத்தா, காலத்திலிருந்து ஒருவர் அங்கே பண்ணையத்தில் வேலைக்கு இருந்தார். அப்பாரு இறந்த அன்று அவர் அழவில்லை. பிணம் எடுக்கும்வரை மாடு கட்டும் கட்டுத்தரையிலேயே நின்றார், மாடுகளுக்குத் தண்ணீர் காட்டினார், சோளத்தட்டு போட்டார். கல்நெஞ்சுக்காரர் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். கருமாதி முடிந்து சில நாள் கழித்துப் பார்த்தால், அப்பாரு படுத்திருந்த கயிற்றுக் கட்டிலை வேப்பமரத்தடியில் போட்டு, யாரும் சொல்லாமலே புதுக்கயிறு வாங்கிப் பின்னிக்கொண்டிருக்கிறார். மகள் கல்யாணத்துக்கு எங்கள் அப்பாரிடம் வாங்கிய முன்பணத்தை அவர் அப்போதும் கழித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு மிகப் பிந்தித்தான் தெரிந்தது. பாசமும் உண்மை, கடனும் உண்மை. பற்று என்ற சொல்லே நெஞ்சுக்கும் கணக்கு நோட்டுக்கும் பொதுவாகத்தானே இருக்கிறது.

அதனால் நான் பெரிய தவறாகக் கருதுவது, விசுவாசத்துக்குக் காரணம் சொல்லாமல் விடுவதை. கதை எந்த வருடத்தில் நடக்கிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள். 1960களில் என்றால் அவர் வருச ஆளாக இருப்பார். வருடத்துக்கு இவ்வளவு என்று பேசி, பாதி தானியமாகவும் பாதி பணமாகவும் வாங்குவார். முன்பணம் தீராமல் வேறு பண்ணையத்துக்குப் போக முடியாது, சில இடங்களில் அப்பன் கடன் மகன் தலையில் ஏறும். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்ததே 1976-இல்தான். அந்தக் காலத்துக் கதையில் ‘போகாமல் இருந்தார், எனவே விசுவாசி’ என்று எழுதினால் அது பொய்க் கணக்கு. போக வழி இருந்ததா என்று காட்டிவிட்டுத்தான் அந்தச் சொல்லை எடுக்க வேண்டும்.

1990களுக்கு வந்தால் நிலைமை தலைகீழ். திருப்பூரில் பனியன் கம்பெனி, பல்லடம், சோமனூர் பக்கம் விசைத்தறி என்று ஆள் இழுத்த காலம். வாரச் சம்பளம், கையில் காசு. காட்டு வேலைக்கு, அதாவது வயல் வேலைக்கு, ஆள் கிடைக்காமல் பண்ணையக்காரர்கள் திண்டாடினார்கள். மகன் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்துகொண்டு “அங்க எதுக்குப்பா இன்னும் சாணி வழிச்சிட்டு இருக்கற, வந்துரு” என்று கூப்பிடும்போதும் அப்பா தோட்டத்தை விட்டு நகரவில்லை என்றால், அங்கே ஒரு கேள்வி இருக்கிறது. யாருக்காக இருக்கிறார்? பெரியவருக்காகவா, தான் நட்ட தென்னைக்காகவா, வீட்டில் யாரும் மதிக்காத ஒரு மருமகளுக்காகவா? கொலைக் கதைக்கு இதைவிட நல்ல கேள்வி எங்கே கிடைக்கும்? இன்றைய கதை என்றால் இன்னும் கவனம் வேண்டும். பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளிலும் நாமக்கல் கோழிப்பண்ணைகளிலும் இன்று குடும்பத்தோடு தங்கி வேலை செய்பவர்களில் பலர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். ‘நாற்பது வருட விசுவாசி’ 2024-லும் அங்கே இருக்கிறார் என்றால், எப்படி என்று கதை சொல்லியாக வேண்டும்.

துப்பையே கெடுக்கும் தவறு இன்னொன்று இருக்கிறது: வேலைக்காரரை வீடு முழுக்க நடமாட விடுவது. ஒரு கைப்பிரதியில் பண்ணையாள் ராத்திரி பத்து மணிக்குப் பாலைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு பெரியவரின் படுக்கையறைக்குப் போகிறார். கதை நடப்பது 1972-இல். கொங்குத் தோட்டத்து வீட்டில் வாசல், தாவாரம் (தாழ்வாரம்), ஆசாரம் (கூடம்), சமையல்கட்டு, பின்னால் பொடக்காளி (கொல்லை), தள்ளிக் கட்டுத்தரை என்று இருக்கும். எந்த ஆள் எதுவரை வரலாம் என்பதைச் சாதி முடிவு செய்தது. ஊருக்கு வெளியே இருந்த குடியிருப்பான வளவிலிருந்து வந்த பண்ணையாள் கட்டுத்தரையில் நாள் முழுக்க இருப்பார், வாசல்வரை வருவார். ஆசாரத்துக்குள் கால் வைக்க மாட்டார், சமையல்கட்டை எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். அவருக்குக் காப்பி ஊற்றும் தம்ளர் தனி. இது கொடுமை. ஆனால் நடந்தது. கதையில் அதை மறைத்தால் அநியாயத்தையும் மறைக்கிறோம், துப்பையும் இழக்கிறோம்.

மறைக்காமல் எழுதிப் பாருங்கள். ரங்கன் என்பவர் குடிக்கும் அலுமினிய தம்ளர், கட்டுத்தரை எறவாணத்தில், அதாவது கூரை இறக்கத்தில், செருகி இருக்கும். இருபது வருடமாக அதே இடம். பெரியவர் செத்துக் கிடக்கும் காலையில் எறவாணம் காலி. அந்தத் தம்ளர் சமையல்கட்டில், வீட்டுப் பாத்திரங்களோடு கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறது. வெளியூர் இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்துக்கொண்டே கடந்து போவார். அந்த வீட்டில் வளர்ந்தவருக்கு மட்டும் மயிர்க்கூச்செறியும். முந்தின ராத்திரி யாரோ ரங்கனை உள்ளே கூப்பிட்டு, உட்கார வைத்து, காப்பி கொடுத்து, அந்தத் தம்ளரைத் தன் கையால் கழுவியிருக்கிறார்கள். யார், எதற்கு? ரத்தக் கறை படிந்த அரிவாளைவிட இந்தத் தம்ளர் வலுவான தடயம்.

இதோடு சேர்த்து ஒன்று. வாராவாரம் தோட்டத்துக்கே வந்து பெரியவரின் கழுத்தில் கத்தி வைத்துச் சவரம் செய்தவர் நாவிதர். கொங்கு வேளாளர் கல்யாணத்தில் மங்கல வாழ்த்துப் பாடுபவரும் அவர்தான். வீட்டு ரகசியம் பாதி அவருக்குத் தெரியும். கொலைக் கதைகளில் அவர் வருவதே இல்லை, ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

அடுத்தது, வேலைக்காரருக்கு வேலையே கொடுக்காமல் விடுவது. அவர் ராத்திரி எங்கே இருந்தார் என்று கேட்டால் “சாளையில தூங்கிட்டு இருந்தனுங்க” என்று எல்லாக் கதையிலும் ஒரே பதில் (சாளை என்றால் குடிசை). மஞ்சள் காட்டுக்குத் தண்ணீர் கட்டுபவர் அப்படித் தூங்க முடியாது. மோட்டாருக்கு வேண்டிய த்ரீ ஃபேஸ் கரண்ட் முறை வைத்து வரும் இடங்களில், ராத்திரி முறையில் வந்தால் ராத்திரிதான் மோட்டார் போட வேண்டும். கிணற்றிலிருந்து வரும் தண்ணீர் வாய்க்காலில் ஓடும். அவர் மம்முட்டியால் ஒரு பாத்தியின் வாயை வெட்டி விடுவார், அது நிறைந்ததும் மண்ணை இழுத்து அடைத்துவிட்டு அடுத்ததை வெட்டுவார். இப்படிப் பாத்தி பாத்தியாக விடியும்வரை. நடுவில் முக்கால் மணி நேரம் அவர் வேறு எங்காவது போயிருந்தால் காடு காட்டிக் கொடுத்துவிடும். ஒரு பாத்தி மட்டும் மூழ்கி, வரப்பு உடைந்து, தண்ணீர் வண்டித் தடத்தில் ஓடியிருக்கும். அதற்கு அப்புறமுள்ள பாத்திகள் கரண்ட் போகும் நேரத்துக்குள் பாய்ந்து முடியாமல் காய்ந்து கிடக்கும். எத்தனை பாத்தி நனைந்திருக்கிறது என்று எண்ணினால் அவர் எத்தனை மணிவரை அங்கே இருந்தார் என்று கணக்கே போட்டுவிடலாம். கொலை நேரத்தில் வேறிடத்தில் இருந்தார் என்று காட்டும் அவருடைய அலிபியும் அதுதான், அவர் மேல் விழும் சந்தேகமும் அதுதான். சொட்டுநீர் போட்ட தோட்டம் என்றால் இந்தத் துப்பு செல்லாது, தை, மாசியில் மஞ்சள் வெட்டு நடக்கும்போதும் செல்லாது. பயிரும் மாதமும் பார்த்து எழுத வேண்டும்.

விஷத்திலும் இதே கவனம் தேவை. கடைசியாகப் பால் கொடுத்தவர் வேலைக்காரர், எனவே சந்தேகம் அவர்மேல் என்று சுலபமாக எழுதிவிடுகிறார்கள். மூலனூர், தாராபுரம் பக்கம் விதைக்காகப் பயிரிடும் கண்வலிக்கிழங்கை எடுத்துக்கொள்ளுங்கள். நம் மாநில மலரான செங்காந்தள் அதுதான். அதன் விஷம் உடலுக்குள் போய் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கவே பல மணி நேரம் ஆகலாம். ராத்திரிப் பாலுக்கும் சாவுக்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். இதை அந்தச் செடிக்கு நடுவே வேலை செய்யும் ரங்கன் அறிவார், பட்டணத்திலிருந்து வந்த மகன் அறிய மாட்டார்.

பேச்சு விஷயத்துக்கு வருவோம். வேலைக்காரர் என்றால் ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘ங்க’ சேர்த்துவிட்டால் பணிவு வந்துவிடும் என்று வெளியூர் எழுத்தாளர்கள் நினைக்கிறார்கள். கொங்கில் ‘ங்க’ எல்லாருக்கும் பொது. பண்ணையக்காரரே வழிப்போக்கரை “வாங்க, தண்ணி குடிங்க” என்பார், பாட்டி பேரனை “சாப்புட வாங்க கண்ணு” என்பார். ஏற்றத்தாழ்வு ஒளிந்திருப்பது வேறு இடத்தில். அறுபது வயது ரங்கனை ஏழு வயதுப் பையன் “ஏ ரங்கா” என்று கூப்பிடுவான். ரங்கன் அந்தப் பையனைச் ‘சின்னப் பண்ணாடி’ என்பார். கொங்கில் பல இடங்களில் பண்ணையக்காரருக்கு அதுதான் பெயர். ‘எஜமான்’ சினிமாவிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. ‘ங்க’ பொதுவாக இருப்பதால்தான் அது இல்லாமல் போகும் இடம் கனமாகிறது. விசாரணையில் பெரிய மகனைப் பார்த்து ரங்கன் ஒரே ஒரு முறை “நீ எங்க இருந்த?” என்று கேட்டால், அந்த அறையில் எல்லாரும் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

எழுத்தாளர் தன் வாயையும் கவனிக்க வேண்டும். ‘பெரியவர் எழுந்தார், ரங்கன் ஓடி வந்தான்’ என்று எழுதிய கணமே கதை சொல்பவர் ஆசாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். வயதில் மூத்தவர் ரங்கன்தான். பாத்திரங்கள் அவரை ‘அவன்’ என்று சொல்லட்டும், அது அவர்கள் குணம். நீங்கள் ஏன் சொல்ல வேண்டும்?

பழியை ஏற்றுக்கொள்ளும் காட்சி பல கைப்பிரதிகளில் சட்டத்தில் இடறுகிறது. “நான்தானுங்க கொன்னேன்” என்று ஸ்டேஷனில் சொன்னதும் வழக்கு முடிந்துவிடாது. போலீஸிடம் சொன்ன வாக்குமூலத்தைக் குற்றத்துக்குச் சாட்சியமாக வைக்க முடியாது. அவர் சொன்னதை வைத்து ஆயுதமோ வேறு பொருளோ கிடைத்தால், அதைக் கண்டுபிடிக்க உதவிய அளவு மட்டும் எடுக்கலாம். பழைய 1872 சாட்சியச் சட்டத்திலும் அப்படித்தான், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தின் 23-ஆவது பிரிவிலும் அப்படித்தான். மாஜிஸ்திரேட் முன்னால் சொன்னால் செல்லும். ஆனால் ‘நீ சொல்லியே ஆகவேண்டும் என்பதில்லை, சொன்னால் உனக்கு எதிராகவே பயன்படலாம்’ என்று அவர் முதலில் எச்சரிக்க வேண்டும். அந்த எச்சரிக்கையைக் கேட்டும் வாய் திறக்கும் ரங்கன் எவ்வளவு பெரிய மனிதராகத் தெரிவார்! நம் மாநில வழக்குகளில் அடிக்கடி வரும் இன்னொரு வழி, கிராம நிர்வாக அலுவலரிடம் போய்ச் சொல்வது. நீதிமன்றம் அதை எச்சரிக்கையோடுதான் எடைபோடும். கதை 1980-க்கு முன்னால் என்றால் அந்த அலுவலர் கிடையாது. ஊர் நிர்வாகம் பார்த்த பரம்பரை மணியக்காரர் பதவியும், ஊர்க் கணக்கு எழுதிய கர்ணம் பதவியும் ஒழிக்கப்பட்டது அந்த வருடம்தான். மணியக்காரர் பெரும்பாலும் பண்ணையக்காரரின் பங்காளியாகவோ மாமன் மச்சானாகவோ இருப்பார். ரங்கன் அவர் வாசலில் நின்று சொல்வதை அவர் எப்படி எழுதிக்கொள்வார் என்பதே ஒரு அத்தியாயத்துக்கு வரும்.

வேலைக்காரரையே கொலையாளி ஆக்கலாமா என்று கேட்கிறார்கள். 1928-இல் அமெரிக்கத் துப்பறியும் கதை எழுத்தாளர் எஸ். எஸ். வான் டைன் துப்பறியும் கதைக்கு இருபது விதிகள் எழுதினார். வேலைக்காரரைக் குற்றவாளியாக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. அது மிகச் சுலபமான தீர்வு, குற்றவாளி மதிப்பான ஆளாக இருக்க வேண்டும் என்று காரணம் சொன்னார். அந்தக் காரணத்தை நான் ஏற்கவில்லை. ரங்கனை மதிப்பான ஆளாக எழுதியிருந்தால் அவர் கொலையாளியாகவும் இருக்கலாம், சாட்சியாகவும் இருக்கலாம், துப்பறிபவராகவும் இருக்கலாம். முப்பது பக்கம் காப்பி கொண்டுவர வைத்துவிட்டுக் கடைசிப் பக்கத்தில் கத்தியைக் கொடுப்பதுதான் தவறு. வாசகர் பார்க்காமல் விடவில்லை, நீங்கள்தான் காட்டவில்லை.

கடைசியாக, முடிவு. ஆசாரத்தில் எல்லாரையும் உட்கார வைத்து உண்மை வெளிவருகிறது, ஜீப் புறப்படுகிறது, முற்றும். ரங்கன் இருக்கும் சாளை யார் நிலத்தில் இருக்கிறது? பெரியவர் போய்விட்டார், மூத்தவர் சிறையில், இளையவர் கோயமுத்தூரில் இருந்துகொண்டு தோட்டத்தை வீட்டு மனைகளாகச் சைட் போட்டு விற்கப் பார்க்கிறார். வருசக் கூலியில் பாக்கி இருக்கிறது, கணக்கு நோட்டை வாக்குமூலத்தோடு சேர்த்துப் போலீஸ் கட்டிக்கொண்டு போய்விட்டது. கட்டுத்தரையில் நேற்றுக் கன்று போட்ட மாடு ஒன்று நிற்கிறது, விடிகாலை நாலரைக்கு அது கத்தும். அந்த நாலரை மணியையும் எழுதுங்கள்.